அடிமனையும் மேற்கட்டடமும்: வக்ஃபு நெடுங்குத்தகையின் வரலாறு

விலை கொடுத்து வாங்கிய வீடு இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குத் தமக்குரியது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழ்வோர் பலருக்கு உண்டு. அங்கே அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் முழு உரிமையாக விற்கப்படுவதில்லை. 99 ஆண்டு, 125 ஆண்டு எனக் குறித்த காலத்திற்கு நெடுங்குத்தகையாகவே விற்கப்படுகின்றன. அடிமனை வேறொருவருக்குச் சொந்தம். ஆண்டுகள் குறையக் குறைய வீட்டின் மதிப்பும் குறையும். குத்தகைக் காலத்தை நீட்டிக்க வேண்டுமானால் மனை உரிமையாளருக்குப் பெருந்தொகை கொடுத்தாக வேண்டும். நீட்டிக்காமல் விட்டால் காலம் முடிந்ததும் வீடு மனையோடு சேர்ந்து அவரிடமே திரும்பிப் போகும்.

குடியிருப்போரின் இந்த இடரைப் போக்க அந்நாட்டுப் பாராளுமன்றம் பலமுறை சட்டம் இயற்றியிருக்கிறது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் தனி வீடுகளில் நெடுங்குத்தகையில் இருப்போருக்கு மனையையே விலைக்கு வாங்கவோ குத்தகையை 50 ஆண்டு நீட்டிக்கவோ உரிமை வழங்கிற்று. 1993ஆம் ஆண்டுச் சட்டம் அடுக்குமாடி வீட்டாருக்கு 90 ஆண்டு நீட்டிப்பை உரிமையாக்கி, அதன்பின் அடிமனை வாடகை பெயரளவில் ஒரு மிளகு மட்டுமே என்று வைத்தது. எனினும் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, எஞ்சிய காலம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், நீட்டிப்பினால் விளையும் கூடுதல் மதிப்பில் பாதியையும் மனை உரிமையாளருக்குத் தர வேண்டும். இந்தச் சுமையை நீக்கவும் நீட்டிப்பை 990 ஆண்டாக்கவும் 2024ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. அதன் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவரப்படுகின்றன.

இச்செய்திகளைப் படிக்கும்போது, இஸ்லாமியச் சட்ட நூல்களோடு பழகியவர்களுக்கு இவை பழகிய குரலாகவே கேட்கும். மனை ஒருவருக்கு, கட்டடம் மற்றொருவருக்கு என்ற ஏற்பாட்டையும், குத்தகை முடியும் நாளில் எழும் வழக்கையும் நம் ஃபுகஹாக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அவர்கள் அதை ஆராய நேர்ந்த களம் வக்ஃபு. அந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதும், அதிலிருந்து நம் காலத்திற்குக் கிடைக்கும் படிப்பினையை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஓராண்டும் மூன்றாண்டும்

கைபரில் தமக்குக் கிடைத்த சிறந்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தைத் தடுத்து வைத்து அதன் விளைவைத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படலாகாது, அன்பளிப்பாக வழங்கப்படலாகாது, வாரிசுகளுக்குப் பங்கிடப்படலாகாது. வக்ஃபுச் சட்டம் முழுவதும் இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்ததே.

விற்கக் கூடாத சொத்திலிருந்து வருவாய் காண வேண்டுமானால் அதைக் குத்தகைக்கோ வாடகைக்கோ விட்டாக வேண்டும். எத்தனை காலத்திற்கு விடலாம் என்ற வினா இங்கேதான் பிறக்கிறது. ஒருவர் ஒரு கடையில் நாற்பது ஆண்டுகள் அமர்ந்து வணிகம் செய்தால், ஊரார் அதை அவர் கடை என்றே அழைப்பர். முதல் ஒப்பந்தத்தைக் கண்ட சாட்சிகள் மறைந்திருப்பர், முத்தவல்லி மாறியிருப்பார், ஏடு செல்லரித்திருக்கும். அவருடைய மகன் அதைத் தந்தையின் சொத்தென்றே நம்பி வளர்ந்திருப்பான். விற்பனைப் பத்திரம் ஏதும் எழுதப்படாமலேயே வக்ஃபு அழிந்துபோகும்.

ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் தமது ஹிதாயாவில் இந்த அச்சத்தையே காரணமாகக் காட்டுகின்றார்கள். குத்தகைக்கு எடுத்தவர் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காகவே வக்ஃபுச் சொத்தில் நெடுங்குத்தகை கூடாது. மூன்றாண்டைக் கடந்தது நெடுங்குத்தகை. பிற்கால ஹனஃபி அறிஞர்களின் ஃபத்வா இதை மேலும் வகுத்துரைத்தது: வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஓராண்டு, விளைநிலங்களுக்கு மூன்றாண்டு. வக்ஃபு செய்தவரே வேறு நிபந்தனை விதித்திருந்தால் அதுவே பின்பற்றப்படும். வக்ஃபின் நலன் வேண்டினால் விதிவிலக்கும் உண்டு.

ஷாஃபிஈ மத்ஹபில், குத்தகைப் பொருள் பொதுவாக எவ்வளவு காலம் நிலைத்திருக்குமோ அவ்வளவு காலத்திற்கும் குத்தகை செல்லும் என்பதே அடிப்படை விதி. ஆயினும் வக்ஃபுகள் அடையாளமின்றி அழிந்துவிடாதிருக்க, மூன்றாண்டுக்கு மேல் விடுவதில்லை என்ற வழக்கத்தை நீதிபதிகள் மேற்கொண்டிருந்ததை அம்மத்ஹபின் நூல்களும் பதிவு செய்துள்ளன. கொள்கையில் வேறுபட்டவர்களும் அச்சத்தில் ஒன்றுபட்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

எல்லை இருக்குமிடத்தில் அதைத் தாண்டும் உபாயமும் தோன்றுவது இயல்பு. ஒரே நாளில் ஓராண்டுக்கு ஒன்றாக அடுத்தடுத்துப் பல ஒப்பந்தங்களை எழுதி, பெயருக்கு ஓராண்டாகவும் உண்மையில் முப்பதாண்டாகவும் ஆக்கும் முறை வழக்கில் இருந்தது. இத்தகைய நெடுங்குத்தகை எத்தனை ஒப்பந்தங்களாகப் பிரித்து எழுதப்பட்டாலும் செல்லாது என்றே ஹனஃபி ஃபத்வா அமைந்தது. ஏட்டில் உள்ள எண்ணை விட நடப்பில் உள்ள காலத்தையே அவர்கள் கணக்கிட்டனர்.

ஹிக்ர் என்னும் ஏற்பாடு

ஆனால் வாழ்க்கை எப்போதும் ஓராண்டுக் குத்தகைக்குள் அடங்குவதில்லை. வக்ஃபுக் கடை இடிந்து கிடக்கிறது, எழுப்பப் பணமில்லை, ஓராண்டுக் குத்தகையை நம்பி எவரும் தம் கைப்பொருளைச் செலவிட்டுச் சுவர் எழுப்ப முன்வர மாட்டார். இந்த நெருக்கடியில் பிறந்ததே ஹிக்ர். வக்ஃபு நிலத்தில் ஒருவர் தம் செலவில் கட்டடம் எழுப்புவார் அல்லது மரம் நடுவார். நிலம் வக்ஃபுக்குரியது, கட்டடமும் மரமும் அவருக்குரியவை. அவர் அவற்றை விற்கலாம். அவர் வாரிசுகள் அடையலாம். அடிமனைக்கு மட்டும் ஆண்டுதோறும் வாடகை செலுத்தி வர வேண்டும். செலுத்தும் வரையில் அவரை வெளியேற்ற இயலாது.

இதன் தொன்மைக்கு ஒரு சான்று உண்டு. ஹிஜ்ரி 261இல் மறைந்த இமாம் கஸ்ஸாஃப் (ரஹ்) அவர்கள் வக்ஃபுச் சட்டம் குறித்த தமது நூலில், குத்தகை மனையில் கடைகளைக் கட்டி அவற்றில் நிலைத்துவிட்ட வணிகர்களைப் பற்றிப் பேசுகின்றார்கள். ஆட்சியாளர் அவர்களை அங்கிருந்து வெளியேற்றுவதில்லை என்ற நிலை இருப்பதால், அக்கடைகளின் கட்டடத்தை மட்டும் அவர்கள் வக்ஃபு செய்வதும் செல்லும் என்பது அவர்களது முடிவு. ஆகவே மனையிலிருந்து பிரிந்த கட்டட உரிமை ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே சந்தையில் நிலைபெற்றிருந்தது.

ஆயினும் இந்தக் கதவு அகலத் திறந்துவிடப்படவில்லை. வக்ஃபு சிதைந்திருக்க வேண்டும். அதைச் செப்பனிட வக்ஃபில் வருவாய் இருக்கக் கூடாது. குறுகிய குத்தகையில் முன்பணம் தந்து எடுப்பாரும் இருக்கக் கூடாது. காழியின் அனுமதி பெறப்பட வேண்டும் என்று நிபந்தனைகள் வைக்கப்பட்டன. எல்லாவற்றிற்கும் மேலாக, அடிமனை வாடகை ஒருமுறை எழுதப்பட்டு அப்படியே உறைந்துவிடலாகாது. அது உஜ்ரத்துல் மிஸ்ல், அதாவது அத்தகைய மனைக்கு அவ்வக்காலத்தில் அவ்விடத்தில் வழங்கும் நியாய வாடகையாக இருந்தாக வேண்டும். கட்டடம் இல்லாத வெறும் மனையாக அதைக் கருதி மதிப்பிட வேண்டும் என்பது இதன் மறுபாதி. குத்தகையாளர் தம் பணத்தால் எழுப்பிய மாடிக்கு அவரிடமே வாடகை கேட்பது அநீதி. இங்கிலாந்தின் 1993ஆம் ஆண்டுச் சட்டமும் நீட்டிப்புத் தொகையைக் கணக்கிடும்போது குத்தகையாளர் செய்த மேம்பாடுகளின் மதிப்பை ஒதுக்கிவிடுகிறது என்பதை இங்கு ஒப்பிட்டுக் காணலாம்.

கெய்ரோவின் பகடி, இஸ்தான்புல்லின் இரட்டை வாடகை

நம் ஊர்ச் சந்தைகளில் ‘பகடி’ என்ற சொல்லை அறியாதவர் இலர். கடையைக் காலி செய்து கொடுக்கவோ, கடையில் அமர உரிமை பெறவோ வாடகைக்கு மேலாகக் கைமாறும் பெருந்தொகை அது. அரபு நூல்களில் இதற்கு ‘குலூ’ என்று பெயர். மம்லூக் சுல்தான் அல்கூரி (ஆட்சி: 1501–1516) கெய்ரோவில் கூரிய்யா கடைகளைக் கட்டியபோது, ஒவ்வொரு கடைக்கும் வணிகரிடம் ஒரு தொகை பெற்றுக்கொண்டு குலூ உரிமையுடன் அவர்களைக் குடியமர்த்தியதையும், அதை வக்ஃபுப் பத்திரத்திலேயே எழுதியதையும் ஹனஃபி அறிஞர் இப்னு நுஜைம் (ரஹ்) குறிப்பிடுகின்றார்கள். எகிப்தின் மாலிகி அறிஞர் நாஸிருத்தீன் லகானீ (ரஹ்) அவர்கள் குலூவை ஏற்று வழங்கிய ஃபத்வா பெரும் செல்வாக்குப் பெற்றது. இந்த உரிமை வாரிசுகளுக்கும் செல்லலாயிற்று.

உஸ்மானியத் தலைநகரில் வேறொரு வடிவம் வளர்ந்தது. தீ விபத்துகள் அடிக்கடி இஸ்தான்புல்லின் மரவீடுகளையும் கடைவீதிகளையும் அழித்தன. எரிந்த வக்ஃபுகளை மீண்டும் எழுப்பப் பணம் தேவைப்பட்டது. அதற்காக ‘இஜாரத்தைன்’ எனப்படும் இரட்டை வாடகை முறை பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் பரவிற்று. முதல் வாடகை ‘முஅஜ்ஜலா’. சொத்தின் விலைக்கு நெருக்கமான தொகையை உடனே செலுத்துவது. இரண்டாவது பின்தள்ளப்பட்ட வாடகை; ஆண்டுதோறும் செலுத்தும் சிறுதொகை. முதல் தொகையைக் கொண்டு வக்ஃபு கட்டடத்தை எழுப்பிக்கொண்டது. இரண்டாவது தொகை, சொத்து இன்னும் வக்ஃபுக்கே உரியது என்பதற்கு ஆண்டுதோறும் கிடைக்கும் சாட்சியமாயிற்று.

இவ்வுரிமை தொடக்கத்தில் குத்தகையாளரின் மக்களுக்கு மட்டுமே சென்றது. இது சொத்துரிமை அன்று, அனுபவ உரிமையே என்பதால் மகனும் மகளும் சமபங்கு பெற்றனர். மக்கள் இன்றி ஒருவர் இறந்தால் சொத்து வக்ஃபிடம் திரும்பும். வக்ஃபு மீண்டும் ஒரு முன்தொகை பெற்றுப் புதியவரிடம் விடும். இவ்வாறு திரும்பி வருவதே வக்ஃபுக்கு எஞ்சியிருந்த பெரும் வருவாய் வாய்ப்பு. 1867ஆம் ஆண்டுச் சட்டம் வாரிசுகளின் வட்டத்தைப் பெற்றோர், உடன்பிறந்தார், கணவன், மனைவி என விரித்தது. குடும்பங்களுக்கு அது ஆறுதல். வக்ஃபுக்கோ சொத்து திரும்பி வரும் நாள் எட்டாத் தொலைவுக்குப் போயிற்று.

இன்னொரு புறம், ஆண்டு வாடகை அக்ச்சே என்னும் வெள்ளி நாணயத்தில் குறிக்கப்பட்டிருந்தது. 1585-86இல் அந்நாணயத்தின் வெள்ளி அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. பின்னரும் அதன் மதிப்பு சரிந்துகொண்டே வந்தது. ஏட்டில் எண் மாறவில்லை. அதன் வாங்கும் ஆற்றல் கரைந்துவிட்டது. இறுதியில் துருக்கிக் குடியரசின் 1935ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டம், ஆண்டு வாடகையைப் போல் இருபது மடங்கைச் செலுத்தினால் சொத்து முழுவதும் குத்தகையாளருக்கே உரியதாகும் என்று வகை செய்தது. சிறுத்துப்போன தொகைக்கு இருபது மடங்கும் சிறுதொகையாகவே இருக்கும். 2008ஆம் ஆண்டின் புதிய வக்ஃபுச் சட்டம், எஞ்சியிருந்த இத்தகைய சொத்துகளுக்குச் சொத்துவரி மதிப்பில் பத்து விழுக்காடு என்று ஈட்டுத்தொகையை நிர்ணயித்தது. எகிப்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் வக்ஃபு நிலங்களின் மீதிருந்த ஹிக்ர்களை முடிவுக்குக் கொண்டுவர வழி செய்தது.

குத்தகை முடிந்தால் முன்னுரிமை யாருக்கு?

நீட்டிப்பு வழக்கின் உயிர்நிலை இவ்வினாவே. இதற்கென்றே தனி நூல் எழுதியவர் டமாஸ்கஸின் ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் (1784–1836). குத்தகைக்கு அதிகத் தகுதியுடையவர் யார் என்பதையே தலைப்பாகக் கொண்டது அந்நூல்.

கடையில் ஏற்கெனவே இருப்பவருக்கே எப்போதும் முன்னுரிமை என்று அக்காலத்து மக்கள் நம்பி வந்தனர். அந்த நம்பிக்கை முழுமையாகச் சரியன்று என்று அவர்கள் காட்டுகின்றார்கள். குத்தகைக் காலத்தின் நடுவே நியாய வாடகை உயர்ந்துவிட்டால், அந்த உயர்வை முதலில் குடியிருப்பவரிடமே சொல்ல வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் மற்றெவரையும் விட அவரே உரியவர். மறுத்தால் வேறொருவருக்கு விடலாம். யாரோ ஒருவர் பகைமையாலோ பிடிவாதத்தாலோ கூட்டிக் கேட்பது உயர்வாகாது. சந்தையில் பொதுவாகவே உயர்ந்திருக்க வேண்டும். ஆனால் காலம் முடிந்த பின், வெறுமனே இருந்தவர் என்பதால் மட்டும் ஒருவருக்கு முன்னுரிமை வந்துவிடாது. முறையான அனுமதியோடு வக்ஃபு மனையில் தம் பொருளால் கட்டடம் எழுப்பி நிலைத்தவர் என்றால் நிலை வேறு: நியாய வாடகையைச் செலுத்தும் வரை அவர் நீடிப்பார்.

இங்கு இரண்டு உரிமைகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். குத்தகையாளரின் நிலைபேறு நியாய வாடகைக்கு ஈடானது. ஒன்றை விட்டு மற்றொன்றைக் கோர இயலாது. முத்தவல்லி கைமாறாக எதையேனும் பெற்றுக்கொண்டு மிகக் குறைந்த வாடகைக்கு விட்டிருந்தால், அந்த ஒப்பந்தம் குத்தகையாளரைக் காப்பாற்றாது. நியாய வாடகையை அவர் நிறைவு செய்தாக வேண்டும். வக்ஃபுச் சொத்தையும் அநாதையின் சொத்தையும் ஒப்பந்தமின்றி அனுபவித்தவரும் வாடகை தர வேண்டும் என்று பிற்கால ஹனஃபி அறிஞர்கள் தீர்ப்பளித்ததும் இதே நோக்கினால்தான். அநாதை தன் உரிமையைப் பேச இயலாதவன், வக்ஃபும் அவ்வாறே.

நம் நாட்டில் மூன்றிலிருந்து முப்பதுக்கு

ஹிதாயாவைச் சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1791இல் வெளியிட்டார். ஆங்கில ஆட்சியின் நீதிமன்றங்கள் அதைச் சான்றாகக் கொண்டன. நீதிமன்ற அனுமதியின்றி முத்தவல்லி விளைநிலத்தை மூன்றாண்டுக்கு மேலும் மற்றவற்றை ஓராண்டுக்கு மேலும் குத்தகைக்கு விடலாகாது என்ற விதி இந்நாட்டு வழக்காறாயிற்று. 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தின் 56ஆம் பிரிவும், மூன்றாண்டைக் கடந்த குத்தகை செல்லாது, ஓராண்டைக் கடந்ததற்கு வாரியத்தின் முன்னனுமதி வேண்டும் என்றே அமைந்திருந்தது. மர்கீனானீ (ரஹ்) அவர்களின் எண் எட்டு நூற்றாண்டுகளைக் கடந்து இந்தியப் பாராளுமன்றச் சட்டத்தில் இடம்பெற்றதை வரலாற்று மாணவர்கள் மறக்கலாகாது.

2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை, நாட்டிலுள்ள வக்ஃபுச் சொத்துகளின் சந்தை மதிப்பு ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி ரூபாய் என்றும், அவற்றின் ஆண்டு வருவாய் சுமார் 163 கோடி ரூபாய் மட்டுமே என்றும் மதிப்பிட்டது. மூன்றாண்டுக் குத்தகையை நம்பி எவரும் மருத்துவமனையோ கல்லூரியோ எழுப்ப மாட்டார் என்ற வாதம் வலுப்பெற்றது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் வணிகம், கல்வி, மருத்துவம் ஆகியவற்றிற்கு மாநில அரசின் ஒப்புதலுடன் 30 ஆண்டு வரை குத்தகைக்கு விட இடமளித்தது. விளைநிலத்திற்கு மூன்றாண்டு எல்லை தொடர்ந்தது. 2014இல் குத்தகை விதிகளும் வெளிவந்தன. ஹிக்ர் பிறந்த அதே தேவைதான் இத்திருத்தத்தையும் பிறப்பித்தது. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் எழுப்பிய பிற வினாக்கள் தனிக் கட்டுரைக்குரியவை.

தமிழகத்திற்கே உரிய ஒரு வரலாறும் உண்டு. 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், பிறர் மனையில் வீடு கட்டியவரை வெளியேற்ற வேண்டுமானால் கட்டடத்திற்கு ஈடு தர வேண்டும் என்றதோடு, அம்மனையைத் தமக்கு விற்குமாறு நீதிமன்றத்தை நாடும் உரிமையையும் அவருக்கு அளித்தது. இங்கிலாந்தின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டு முந்தியது இது. ஏழைக் குடியிருப்போருக்கு அரணாக வந்த இச்சட்டம், கோயில், பள்ளிவாசல், தேவாலய மனைகளின் மீதும் பாய்ந்தது. 1996இல் சமய நிறுவனங்களின் மனைகளுக்கு விலக்களித்துத் தமிழக அரசு திருத்தம் செய்தது. அத்திருத்தம் செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எவர் வலியர், எவர் மெலியர்?

இங்கிலாந்தில் குத்தகை நீட்டிப்பைச் சட்டம் எளிதாக்குவதை நாம் குறை கூற முடியாது. அங்கே மனை உரிமையாளர் பலர் முதலீட்டு நிறுவனங்கள். குடியிருப்பவரோ வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டில் இட்ட குடும்பத்தார். அங்கு மெலியவர் குடியிருப்பவர். ஆனால் அதே அளவுகோலை வக்ஃபு மனைக்குக் கொண்டுவந்து, இருப்பவரே மெலியவர் என்று கொள்வது பொருந்தாது. கடைவீதியின் நடுவே பள்ளிவாசல் கடையைப் பாட்டனார் காலத்து வாடகையில் வைத்துக்கொண்டு, அதைப் பன்மடங்கு தொகைக்கு உள்வாடகைக்கு விடுபவர் மெலியவர் அல்லர். அந்த வருவாயில் கஞ்சி குடித்திருக்க வேண்டிய ஏழையும், ஓதியிருக்க வேண்டிய அநாதையும்தான் மெலியவர்கள். அவர்கள் ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து பேசுவதில்லை.

அதே வேளை, ஒரு தலைமுறை உழைப்பைக் கட்டடமாக எழுப்பிய குத்தகையாளரை ஒரு நாள் அறிவிப்பில் வெளியேற்றுவதும் நம் ஃபிக்ஹ் கற்பித்த நீதியன்று. இருவருக்கும் உரியதை வகுத்துக் கொடுத்ததே ஃபுகஹாக்களின் சிறப்பு. காலம் நீளலாம், வாடகை உறைந்துவிடக் கூடாது என்பதே அவர்கள் கண்ட நடுவழி. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலைவாசி உயர்வு என்று வைத்துக்கொண்டால், இன்று நிர்ணயிக்கும் 100 ரூபாய் வாடகை 30ஆம் ஆண்டு முடிவில் இன்றைய 17 ரூபாய்க்கே ஈடாகும். இஸ்தான்புல்லின் அக்ச்சேக்கு நேர்ந்தது ரூபாய்க்கும் நேரும்.

ஆகவே, ஒரு ஜமாஅத் நெடுங்குத்தகைக்குக் கையொப்பமிடும் முன் சிலவற்றை உறுதி செய்துகொள்ளுதல் கடமையாகிறது. குறுகிய குத்தகையால் நிறைவேறாத தேவை உண்மையிலேயே உள்ளதா என்று முதலில் ஆராய வேண்டும். குறித்த ஆண்டுகளுக்கொருமுறை நியாய வாடகையை மதிப்பிட்டு உயர்த்தும் விதி பத்திரத்திலேயே இடம்பெற வேண்டும். கட்டடம் யாருக்குரியது, காலம் முடிந்ததும் அது என்னவாகும் என்பது ஐயமின்றி எழுதப்பட வேண்டும். காலம் முடியும்போது மௌனத்தால் குத்தகை தொடர்ந்துவிடாமல், ஊரறியப் புதுப்பிக்கப்பட வேண்டும். பத்திரத்தின் படி முத்தவல்லியின் வீட்டுப் பெட்டியில் அல்லாமல் ஜமாஅத்தின் ஆவணத்தில் இருக்க வேண்டும்.

வக்ஃபு செய்தவர்கள் தங்கள் சொத்தைத் தங்கள் மக்களுக்கும் கொடுக்காமல், பிறக்கவிருக்கும் ஏழைகளுக்கென விட்டுச் சென்றார்கள். அந்த அமானிதத்தின் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அவர்களின் நோக்கத்தை நிறைவேற்றும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக.